ஸ்கவுட் பொறுப்பு தலையில் விழுந்த ஆசிரியருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பள்ளியில் சாரணர் படையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள், பயிற்சியும் முடித்து வந்துவிட்டீர்கள், அரையாண்டு விடுமுறையில் இரண்டு இரவு முகாம் போட வேண்டும், 28 பையன்கள், எதிலிருந்து தொடங்குவது? அப்புறம் 'சேவை சேவை' என்கிறார்களே, பள்ளி வாசலைக் கூட்டுவதைத் தவிர அதற்கு வேறு என்ன செய்யச் சொல்வது?

நான் திருவண்ணாமலைப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார், பத்தொன்பது வருடமாக ஸ்கவுட் மாஸ்டரும்கூட. இது நான் கேட்டு வாங்கிய பொறுப்பில்லை. இருந்த சார் ஓய்வு பெற்றார், ஸ்டாஃப் ரூமில் வயதில் சின்னவன் நான்தான், விசிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் வயிற்றில் இப்போது என்ன கரைகிறது என்று எனக்குத் தெரியும்.

என் முதல் முகாம் பிரமாதமாக நடந்தது. சமையலுக்கு ஆள் வைத்தேன், பந்தல்காரர் வந்து டெண்ட் அடித்துக் கொடுத்தார், அரை மணிக்கு ஒரு நிகழ்ச்சி, காலையில் சுடச்சுடப் பொங்கல். பெற்றோர்கள் பாராட்டினார்கள், தலைமையாசிரியர் பிரேயரில் என் பெயரைச் சொன்னார். ஒரு வாரம் கழித்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் "முகாம்ல என்னடா கத்துக்கிட்டே" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "வரிசையில நிக்கக் கத்துக்கிட்டேன் சார்" என்றான். பாவம், பொய் சொல்லவில்லை, தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றதைத் தவிர அங்கே அவனுக்கு நான் வேறு வேலையே வைக்கவில்லை.

பயிற்சியில் பேட்ரோல் முறை, பேட்ரோல் முறை என்று, அதாவது பையன்களைச் சின்னச் சின்ன அணியாகப் பிரித்து அவர்களில் ஒருவனையே தலைவனாக்குவது என்று, உங்கள் காதில் ஓதியிருப்பார்களே, அதை நோட்டில் எழுதி மூடி வைத்துவிடாதீர்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் இருபது பையன்களைக் கூட்டிப்போய் முதல் முகாம் போட்டபோதே அவர்களை நான்கு அணியாகப் பிரித்து ஆளுக்கொரு தலைவன் வைத்துவிட்டார். இன்னொன்றும் செய்தார், அதை நம் ஊரில் பலர் கவனிப்பதில்லை. பாதிப் பேர் பெரிய இடத்துப் பிள்ளைகள், பணக்காரப் பள்ளியில் படிப்பவர்கள், மீதிப் பேர் அக்கம்பக்கத்து ஊர்களின் சாதாரண வீட்டுப் பையன்கள், எல்லாரையும் கலந்துதான் அணி பிரித்தார். நீங்கள் "இஷ்டப்பட்டவங்க சேர்ந்துக்கங்கடா" என்று விட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு தெருப் பையன்கள் ஓர் அணி, இன்னொரு தெருப் பையன்கள் இன்னோர் அணி. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பையன்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அணியை நீங்களே பிரியுங்கள், கலந்து பிரியுங்கள், ஏழு பேருக்கு ஒரே சட்டியில் சோறு பொங்கவிடுங்கள். கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வந்த ஒரு பையன் இரண்டாம் நாள் அதைக் கழற்றி அடுப்பில் போட்டதைப் பார்த்திருக்கிறேன், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாப் பையன்களும் அப்படிக் கழற்றினார்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

எனக்குப் புத்தி வந்தது மூன்றாவது முகாமில். சாத்தனூர் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு, தோப்புக்கு நடுவே திறந்த இடம், கூப்பிடு தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக் கட்டடம், அதன் சாவி என் சட்டைப்பையில். என்னோடு பக்கத்து ஊர்ப் பள்ளியின் மூத்த சாரண ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். டெண்டில் ஒரு சின்ன விஷயம் உண்டு. படுக்கப் போகும் முன் கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். பருத்திக் கயிறோ சணலோ நனைந்தால் சுருங்கும், சுருங்கினால் முளையைப் பிடுங்கும், முளை கெட்டியாக இருந்தால் துணியைக் கிழிக்கும். சொல்லித்தான் கொடுத்திருந்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது, இரண்டு மணிக்குப் புலி அணியின் டெண்ட் 'பொத்'தென்று உட்கார்ந்தது, உள்ளே எட்டுப் பேர்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருப்பா. மின்னல் இல்ல, காத்து இல்ல. நனைஞ்சா காயும்."

உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் உட்கார்ந்தேன். இருட்டில் அணித் தலைவனின் குரல் கேட்டது. ஒன்பதாம் வகுப்பு, என் வகுப்பில் வாயே திறக்காத பையன். ஈரத் துணிக்கு அடியிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறான், 'இருக்கேன்', 'இருக்கேன்' என்று பதில் வருகிறது, ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. கூப்பிட்ட பெயருக்குரியவன் டெண்ட் விழுந்தது தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தான்! அவனை எழுப்பி, சின்னப் பையன்களையும் பைகளையும் மயில் அணி டெண்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேர் கம்பத்தைப் பிடிக்க, இரண்டு பேர் முளையைச் சாய்வாக மறுபடி அடிக்க, முக்கால் மணி நேரத்தில் டெண்ட் நின்றுவிட்டது. கோணலாகத்தான். காலையில் அணித் தலைவர்கள் கூட்டத்தில், அதைத்தான் கோர்ட் ஆஃப் ஹானர் என்கிறோம், யாரும் கேட்பதற்கு முன்னால் அவனே எழுந்து "கயிறைத் தளர்த்தச் சொல்ல மறந்துட்டேன் சார்" என்றான். அதற்குப் பிறகு கயிறைப் பற்றி எந்த முகாமிலும் நான் ஞாபகப்படுத்தியதில்லை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்கிற கதையாகி அது படைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லைத் தவறவிடாதீர்கள், 'மின்னல் இல்ல'. இருந்திருந்தால் அவரே முதல் ஆளாக ஓடி அத்தனை பேரையும் பள்ளிக் கட்டடத்துக்குள் தள்ளியிருப்பார். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது வேறு. சோறு குழைந்தால், டெண்ட் சரிந்தால், பாட்டு சொதப்பினால் அது பையன்கள் பாடு. தண்ணீர், தீ, காடு, பாம்பு, இந்த நான்கும் உங்கள் பாடு, இதில் 'கத்துக்கட்டும்' என்ற பேச்சே கிடையாது.

இடம் பார்க்கப் போகும்போது பகலில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை போங்கள். ஏரி, கிணறு, ஆறு பக்கத்தில் இருந்தால் குளியல் பக்கெட்டில்தான், முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்னால் மட்டும் போதாது, ஒரு பெரியவர் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். மலையேற்றம் சேர்க்கிறீர்கள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனது நினைவிருக்கும், விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான். தேதியைப் பொறுத்தவரை எனக்கு அரையாண்டு விடுமுறை பிடிப்பதில்லை, வடகிழக்குப் பருவமழை முழுதாக விடைபெற்றிருக்காது. ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம் நல்ல காலம். குளிர் இருக்கும், பகல் சுடாது.

இடம் தப்பினால் எவ்வளவு பெரிய ஏற்பாடும் தப்பிவிடும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் நடந்த ஜம்போரி, அதாவது உலக சாரணர் பெருமுகாம், ஒன்று போதும். தென்கொரியாவில் சேமங்கும், கடலைத் தூர்த்து எடுத்த நிலம், நிழலுக்கு மரம் இல்லை, மழைத் தண்ணீர் வடியவில்லை. சுமார் 43,000 பேர். வெயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் சுருண்டு விழுந்தார்கள், பிரிட்டனும் அமெரிக்காவும் பாதியிலேயே தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறின, கடைசியில் புயல் வருகிறது என்று எல்லாரையுமே காலி செய்தார்கள். கையில் ஆறு வருடமும் அரசாங்கப் பணமும் இருந்தவர்களுக்கே அந்தக் கதி, நமக்கு ஒரு வேப்பமர நிழலும் கொஞ்சம் மேடான நிலமும் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பாம்பு விஷயம். பெற்றோர் எல்லாரும் நாகத்துக்குப் பயப்படுவார்கள், முகாமில் நான் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பையன் எறும்பு என்று நினைத்துப் புரண்டு படுப்பான். விடியும்போது வயிறு வலிக்கிறது என்பான், இமை கனத்துச் சொக்கும். அப்படி ஒருவன் சொன்னால் நேற்று ராத்திரிப் புளிசாதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே வண்டியில் ஏற்றுங்கள். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கடிபட்ட கையை ஒரு கம்பும் ஸ்கார்ஃபும் வைத்து அசையாமல் கட்டுபோட்டு 108-ஐ அழையுங்கள். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதை முகாமுக்குப் போவதற்கு முன்பே நேரில் கேட்டு வைத்திருக்க வேண்டும். என்னிடம் அந்தச் சீட்டு எப்போதும் இருக்கும், இதுவரை அதைப் பிரிக்க வேண்டி வரவில்லை.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் என்ற பெயரில் மாணவிகளுக்கு நடந்த கொடுமை செய்தியில் வந்தது. அமெரிக்காவில் சாரணர் இயக்கம் பழைய பாலியல் புகார்களின் பாரம் தாங்காமல் 2020-ல் திவால் மனு போட்டது, 80,000-க்கு மேல் புகார்கள். அதனால் 'நம்ம ஊர்ல அதெல்லாம் இல்ல' என்ற பேச்சு வேண்டாம். எந்தப் பெரியவரும் ஒரு பையனோடு தனியாக ஒரு டெண்டில், ஓர் அறையில் இருக்கக் கூடாது, நீங்கள் உட்பட. குறைந்தது இரண்டு பெரியவர்கள், சாரணியர் இருந்தால் பெண் பொறுப்பாளர் கட்டாயம். பெற்றோர் முன்கூட்டிச் சொல்லாமல் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள். வெளியிலிருந்து 'ட்ரெய்னர்' என்று ஒருவர் வந்தால் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துவிட்டு உள்ளே விடுங்கள். கோபித்துக்கொள்கிறாரா, கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, சோற்றுக்கு வருவோம். அணிக்கு ஓர் அடுப்பு, ஒரு சட்டி, ஏழு பேருக்கு ஒரு கிலோ அரிசி, முதல் நாள் பருப்பு சாதம், அப்பளம், அவ்வளவுதான். சாம்பார் எல்லாம் இரண்டாம் நாள். சட்டியின் வெளிப்புறம் மண்ணைக் குழைத்துப் பூசி அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள், கரி மண்ணோடு கழன்று வந்துவிடும். நம் பாட்டிகள் செய்ததுதான், சாரணர் பாடத்தில் பார்த்ததும் பையன்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி வீட்டில் போய்ச் சொல்வார்கள். சமையலுக்கு அந்தண்டை இரண்டு குழி, ஒன்று குப்பைக்கு, ஒன்று கழுவின தண்ணீருக்கு. தண்ணீர்க் குழியின் மேல் புல்லைப் பரப்பிவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு அதிலேயே தங்கிவிடும், தினம் அந்தப் புல்லை எரித்துவிட்டுப் புதுப் புல் போட வேண்டும், ஈ வராது. முட்டையைக் களிமண்ணில் பொதிந்து தணலில் சுடுவது பையன்களுக்கு உயிர். முனையில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டுப் பொதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். எங்கள் படையில் அது வெடித்து ஒரு மாவட்ட அதிகாரியின் வெள்ளைச் சட்டை மஞ்சளான கதை இப்போதும் ஓடுகிறது.

முடிச்சு சொல்லித் தருவதில் எனக்கு ஒரு குரு உண்டு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா, கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர், மகனைக் கூட்டிப்போக வந்தவர் நாங்கள் மூங்கிலில் குறுக்குக் கட்டு போட்டுத் திணறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கயிறை ஊறப் போட்டீங்களா? காஞ்ச நார்க்கயிறு சொன்ன பேச்சு கேக்காது" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து கட்டிக் காட்டினார். புத்தகத்தில் க்ளோவ் ஹிட்ச் என்று போட்டிருந்த முடிச்சு அவர் கையில் பெயரே இல்லாமல் தானாக விழுந்தது. அப்பாவை மற்றவர்களிடம் காட்டக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றிருந்த அந்தப் பையன் மெதுவாக முன்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை அவரை அழைக்கிறேன், வந்து போகிற நாளுக்குக் கூலி கொடுத்துவிடுவேன், அவருக்கு அது வேலை நாள்.

அடுத்தது சேவை. இந்த நாட்டுச் சாரணர் இயக்கத்துக்குக் கூட்டத்தில் தொண்டு செய்வது புதிதில்லை. மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் முன்னின்று நடத்திய சேவா சமிதி சாரணர் அமைப்பு கும்பமேளாக் கூட்டத்தில் தொண்டு செய்து பெயர் வாங்கியது, இங்கே சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியப் பையன்களுக்கென்றே தனி அமைப்பு தொடங்கினார், அப்போது இருந்த அமைப்பில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். அந்த மாதிரிப் பல கிளைகள் சேர்ந்துதான் 1950 நவம்பர் 7-ல் இப்போதைய பாரத சாரணர் அமைப்பு ஆனது. ஆனால் நடப்பில் என்ன ஆகிறதென்றால், யார் யாரோ வந்து "சார், இருபது யூனிஃபார்ம் பசங்க வேணும்" என்று கேட்பார்கள். விழாவில் மாலைத் தட்டு பிடிக்க, அமைச்சர் வருகிற வழியில் நிற்க, பேனர் தூக்க. ஒன்றிரண்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும், வேலை பார்க்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்ல முடியாது. அதைச் சேவை என்று பையன்களிடம் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

தீபத்துக்கு எங்கள் படை வருடாவருடம் போகும். ஒரு வருடம் கூட்டத்தை மறிக்கிற கயிறைப் பிடிக்கப் பையன்களை நிறுத்திவிட்டார்கள், நெரிசலில் ஒருவன் விரல் கயிறுக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டி நகம் போயிற்று. பதின்மூன்று வயதுப் பையன் செய்கிற வேலையா அது? அடுத்த வருடம் அணித் தலைவர்களையே உட்கார வைத்து 'நாம என்னடா செய்யலாம்' என்று கேட்டேன். அவர்கள் கண்டுபிடித்ததைத்தான் இன்றுவரை செய்கிறோம். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர், அதில் ஏறுகிற இடத்தில் ஒரு மேசை, பால்பாயிண்ட் பேனா, வெட்டி வைத்த சின்னச் சீட்டுகள். குழந்தையோடு வருகிறவர்களிடம் செல் நம்பரைக் கேட்டு எழுதிக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்துவிடுவது. காணாமல் போன குழந்தையைத் தேடுவதைவிட இது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

முதல் வருடம் ஒரு கிழவி வந்து நின்றார், குழந்தை யாரும் கூட இல்லை. "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு கண்ணு, எம்புள்ள நம்பரு எனக்கு மனப்பாடமா வராது" என்று சுருக்குப்பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தார். பையன் அதைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதினான், பிறகு அவனாகவே இன்னொன்றில் கொட்டை எழுத்தில் எழுதி, 'ஒண்ணு பையில, ஒண்ணு முந்தானையில முடிஞ்சிக்க ஆயா' என்று கொடுத்தான். இப்போது பெரியவர்களுக்கென்று தனிக் கட்டுச் சீட்டு வைத்திருக்கிறோம், குழந்தைகளுக்கு ஆவதைவிட அதுதான் சீக்கிரம் தீர்கிறது.

2024-ல் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர், எங்கள் ஊரில் மலையிலிருந்து மண் சரிந்து ஏழு பேர் இறந்துபோனார்கள், தென்பெண்ணை கரையோர ஊர்களுக்குள் தண்ணீர். பையன்கள் துடித்தார்கள், 'இப்பவே போலாம் சார்' என்று. விடவில்லை. முதல் நான்கைந்து நாள் அது தீயணைப்புத் துறை, மீட்புப் படையின் வேலை, பதினான்கு வயதுப் பையன் அங்கே போனால் அவனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வடிந்து, எல்லாரும் திரும்பிப் போன பிறகு ஒரு சனிக்கிழமை போனோம். ஒரு சின்னப் பள்ளி, வகுப்பறையில் கணுக்கால் சேறு. பூட்ஸ், கையுறை இல்லாத யாரையும் உள்ளே விடவில்லை, எலிக்காய்ச்சல் பயம். நாள் முழுக்கச் சேறு வாரிக் கொட்டினார்கள், நனைந்த பாடப் புத்தகங்களைக் கொடியில் துணி மாதிரி காயப் போட்டார்கள். மத்தியானம் யாரோ அரிசி மூட்டையோடு வந்து, பேனருக்குப் பக்கத்தில் பையன்களை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பையன்கள் கையெல்லாம் சேறு என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

சின்னப் பையன்களுக்கு இதெல்லாம் அதிகம். அவர்களுக்கு ஸ்கார்ஃப் முனையில் ஒரு முடிச்சு, அது பழைய பழக்கம், அன்றைக்கு யாருக்காவது ஓர் உதவி செய்ததும் அவிழ்த்துவிட வேண்டும். என்ன செய்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த நாள் முதல் கதை வரும்.

சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் குடியரசுத் தலைவரின் ராஷ்டிரபதி விருது வரை போகிற பையனுக்கு ரயில்வே வேலையில் சாரணர் ஒதுக்கீடு உண்டு, அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், சேர்க்க உதவும். பையனிடம் சொல்லாதீர்கள். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் நடந்த வைர விழா ஜம்போரி மாதிரி பெரிய கூட்டங்களுக்கு ஆசைப்படுவார்கள், சொந்தமாக இரண்டு முகாம் பார்த்த பையன்களை மட்டும் அனுப்புங்கள், மற்றவர்கள் ஸ்கார்ஃபையும் பேட்ஜையும் மாற்றிக்கொண்டு வருவதோடு சரி.

தேதி முடிவானதும் முதலில் கயிறு வாங்கிவிடுங்கள். நைலான் வேண்டாம், முடிச்சு வழுக்கும். நார்க்கயிறோ சணலோ, ஓர் அணிக்குக் குறைந்தது ஐம்பது மீட்டர். வாங்கி வந்து முந்தின நாள் ராத்திரியே பக்கெட்டில் ஊறப் போடுங்கள்.